நடுப்பாலம் வரை போனேன்!

குமாரபாளையத்துக்குப் போகிறவர்களை முதலில் வரவேற்பது தறிச் சத்தம்தான். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் 'டக்கு டக்கு' என்று விசைத்தறிகள். லுங்கியும் துண்டுமாக நெய்து தள்ளுகிறார்கள். ராத்திரி ஷிப்டும் உண்டு. "முதல் ரெண்டு நாள் தூக்கம் வராதுடி. அப்புறம் சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும்" என்பாள் என் அக்கா. கல்யாணமாகி அவள் இந்த ஊருக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நான் அவள் வீட்டில் தங்கியது இரண்டே தடவை. கும்பகோணத்தில் ரயில் ஏறினால் ஈரோட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் பவானி வழியாக வந்துவிடலாம். பின்னே ஏன் போகவில்லை என்கிறீர்களா?

வேர்க்கடலைக்குப் பயந்துதான்!

சிரிக்காதீர்கள், சகோதரிகளே. என் பையனுக்கு இப்போது 12 வயது. அவனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பாட்டி ஆசையாகக் கடலை உருண்டையைக் கிள்ளி வாயில் வைத்தார். நகக்கண் அளவுதான். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. இரண்டு முறை வாந்தி எடுத்தான். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஓர் ஊசி போட்டார். சில நிமிஷங்களில் குழந்தையின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அந்த ஊசிமருந்தின் பெயர் அட்ரினலின். வந்த வியாதியின் பெயர் அனாஃபிலாக்ஸிஸ் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். பிறகு பரிசோதனை செய்து, வேர்க்கடலை அலர்ஜி என்று உறுதி செய்தார்கள்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் நான் வாழ்ந்த வாழ்க்கையை என்ன சொல்ல? கல்யாண வீட்டுக்குப் போனால் பையனுக்குத் தனி டிபன் டப்பா. பள்ளிக்கூடச் சுற்றுலாவா, வேண்டாம். நண்பன் வீட்டுப் பிறந்தநாளா, வேண்டாம். எங்கே போனாலும் 'இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?' என்று கேட்பது நான்தான். அவன் என் முந்தானைக்குப் பின்னால் நிற்பான்.

"ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்? ரொம்பத்தான் பொத்திப் பொத்தி வளக்கறே" என்று சொல்லாத உறவினர் இல்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி, 2020ல் வெளியான ஓர் ஆய்வில், உணவு அலர்ஜி இருக்கக்கூடியவர்கள் 0.14 சதவீதம்தான் என்று கண்டார்கள். பத்தாயிரம் குழந்தைகளில் 14 பேர். அதே ஆய்வில் ஹாங்காங் குழந்தைகளிடம் அது 1.5 சதவீதம். நம் பக்கம் இது அபூர்வம். கண்ணால் பார்க்காததை ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? நம் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த 14ல் ஒன்று நம் பிள்ளை.

இந்தக் காலாண்டு லீவுக்கு அவனே கேட்டான். "எல்லாரும் எங்கேயாவது போறாங்கம்மா. பெரியம்மா வீட்டுக்காவது போகலாமே?" நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "போயிட்டு வாங்க. எத்தனை வயசு வரைக்கும் நீ அவன் பின்னாடியே போவே?"

கோபம்தான் வந்தது. ஆனாலும் கிளம்பினேன்.

ஊருக்கு ஊர் பெயர்

1997ல் நாமக்கல் மாவட்டம் பிரியும் வரை குமாரபாளையம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரி நிலங்களில் கடலை ஒரு முக்கியமான பயிர். அதனால் சமையலிலும் அது தாராளம். சட்னியில் கடலை, தாளிக்கக் கடலெண்ணெய், சாயங்காலமானால் தள்ளுவண்டியில் அவித்த கடலை. போதாக்குறைக்கு நாங்கள் போன சமயம் நவராத்திரி. வீட்டுக்கு வீடு சுண்டல்!

ரயிலில் பையனுக்கு ஒரு பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். நம் தமிழில் 'கடலை' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை சாமான்கள் பாருங்கள்! கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, வேர்க்கடலை. அவனுக்கு ஆகாதது கடைசி ஒன்றுதான். அதற்கும் ஊருக்கு ஊர் வேறு பெயர். நாம் வேர்க்கடலை என்கிறோம். நிலக்கடலை என்பவர்கள் உண்டு. விழுப்புரம் பக்கம் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்றும் சொல்வார்கள். இலங்கையில் கச்சான். கொங்கு நாட்டில் கடலைக்காய். வெறுமே 'கடலை இருக்கா?' என்று கேட்டால் எந்தக் கடலைக்குப் பதில் வருகிறது என்று நமக்குத் தெரியாது.

"அப்போ எல்லாப் பேரையும் கேக்கணுமா?" என்றான்.

"ஆமாம். நான் கேட்டுக்கறேன், நீ தெரிஞ்சு வச்சுக்கோ" என்றேன். பாருங்கள், அப்போதும் 'நான் கேட்டுக்கறேன்'தான்!

பொடிக்கு எண்ணெய்

ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா பாவம், எனக்காகச் சமையலறையையே புரட்டிப் போட்டிருந்தாள். கடலை டப்பா மேல் பரணுக்குப் போய்விட்டது. சட்னி தேங்காயும் பொட்டுக்கடலையும் மட்டும் போட்டு, கழுவின மிக்ஸியில் அரைத்தது. இட்லி ஆவி பறந்தது. பையன் 'பொடி வேணும்' என்றான். பிரயாணக் களைப்பில் நான் அக்கா வீட்டுப் பொடியை எடுத்து, மேடைமேல் இருந்த தூக்கிலிருந்து எண்ணெய் ஊற்றிக் குழைத்து, அவன் தட்டில் வைத்தேன். பொடியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தேன். எண்ணெயைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் பொடிக்கு எப்போதும் நல்லெண்ணெய்தான்.

அவன் இட்லியைப் பிட்டான். பொடியில் தோய்க்கப் போனவன் நிறுத்தினான்.

"பெரியம்மா, இது என்ன எண்ணெய்?"

அக்கா அடுப்புப் பக்கமிருந்து திரும்பினாள். "கடலெண்ணெய் சாமி. செக்குல ஆட்டினது..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதைச் சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த கடலெண்ணெயில் அலர்ஜி உண்டாக்கும் புரதம் அநேகமாக நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கியிருக்கும். மற்றவர்களுக்கு நல்லதென்று நாம் தேடி வாங்குகிற செக்கு எண்ணெய்தான் இந்தக் குழந்தைகளுக்கு அபாயம்.

தட்டை எடுத்துவிட்டேன். அவன் கை கழுவி வந்து, வேறு தட்டில் சர்க்கரை தொட்டு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போனான். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. பத்து வருஷம் காவல் காத்தவள் நான். என் கையாலேயே குழைத்து வைத்தேனே! கேட்டது யார்? முந்தானைக்குப் பின்னால் நின்றவன்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து அக்காவும் நானும் வெகுநேரம் பேசினோம். கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. "அவனுக்குக் கேக்கத் தெரியுதுடி. நீதான் விடமாட்டேங்கறே" என்றாள் அக்கா.

டாக்டர் ஒரு முறை சொன்னது ஞாபகம் வந்தது. உணவு அலர்ஜியால் உயிர் போகிற விபத்துகள் சின்னக் குழந்தைகளைவிட, பதின்வயதினரிடமும் இளைஞர்களிடமும்தான் அதிகம் நேர்கின்றன. அந்த வயதில் அம்மா பக்கத்தில் இருக்க மாட்டாள். நண்பர்கள் முன்னால் கேட்கக் கூச்சம். மருந்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற அசட்டை. கேட்டுப் பழக அதற்கு முன்பே இடம் கொடுக்காவிட்டால், அன்றைக்கு எப்படிக் கேட்பான்?

இன்னொன்றும் மனதில் ஓடியது. 2016ல் லண்டன் விமான நிலையத்தில் நடாஷா என்ற 15 வயதுப் பெண் ஒரு சாண்ட்விச் வாங்கினாள். அவளுக்கு எள் ஆகாது. அட்டையைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள். மாவில் கலந்திருந்த எள்ளைப் பற்றி அட்டையில் ஒரு வார்த்தை இல்லை. விமானத்தில் அப்பா பக்கத்திலேயே இருந்தார், ஊசியும் போட்டார். பெண் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே சட்டம் மாறியது. கடையிலேயே தயாரித்துப் பொட்டலம் கட்டி விற்கும் உணவுக்கும் சேர்மானங்களை முழுதாக அச்சிட வேண்டும் என்று 2021ல் கொண்டு வந்தார்கள். பெற்றவர் பக்கத்தில் இருப்பது மட்டுமே பாதுகாப்பு இல்லை என்பது என்னைச் சுட்டது.

தண்ணீர் ஊசி

மறுநாள் காலையில் பையன் மெதுவாக ஆரம்பித்தான். "அம்மா, அக்கா என்னைக் கூடுதுறைக்குக் கூட்டிட்டுப் போறேங்கறா. நீ வராம."

அக்கா என்றது என் அக்கா மகளை. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கூடுதுறை என்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், பவானியில். பவானி நதி காவேரியோடு கலக்கும் இடம். கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக ஐதீகம். அங்கே சங்கமேஸ்வரர் கோவில். நடந்தே போய் வந்துவிடலாம்.

'சரி' என்று சொல்ல எனக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்பட்டது. அந்த ஒரு நாளை வீணாக்கவில்லை.

எங்கள் பை ஒன்று உண்டு. சின்ன ஜிப் பை. அதில் அட்ரினலின் ஆம்பூல்கள், சிரிஞ்சு, எடைக்குத் தக்க அளவை டாக்டர் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு. வெளிநாடுகளில் பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது. தொடையில் வைத்து அழுத்தினால் போதும். எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் அது கிடைக்கவில்லை. ஆகவே டாக்டர் எங்களுக்கு ஆம்பூலை உடைத்து ஏற்றக் கற்றுக் கொடுத்தார். அதை அக்கா மகளுக்கும் அக்கா வீட்டுக்காரருக்கும் நான் கற்றுக் கொடுத்தேன். ஊசிக்குக் கலக்கும் சுத்த நீர் ஆம்பூல்கள் மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதை உடைத்து, ஏற்றி, ஒரு தலையணையில் குத்திப் பழகினார்கள். அக்கா மகளுக்கு மூன்றாவது தடவை கை நடுங்கவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் குமாரபாளையம் அரசு மருத்துவமனை, அந்தப் பக்கம் பவானி அரசு மருத்துவமனை. எந்த இடத்திலிருந்து எது கிட்டே என்று இரண்டு பேரையும் சொல்லச் சொன்னேன். 108க்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று பையனை ஒப்பிக்கச் சொன்னேன்.

அக்கா ஒன்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள். "சாமி, இங்கே 'கடலைக்காய்'னு கேளு. சட்னிக்குத் தனியாக் கேளு, எண்ணெய்க்குத் தனியாக் கேளு."

பாலத்தின் மேல்

சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினார்கள். பையன் தோளில் அந்தப் பை. "வர்றேம்மா" என்றான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளுமா? 'காய் வாங்கிட்டு வரேன்' என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே நடந்தேன். நடுப்பாலம் வரை போனேன்! காவேரி நிறைய ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கும்பகோணத்துக் காவேரியைப் பார்த்துப் பழகியவளுக்கு, இத்தனை அகலத்தைப் பார்க்கவே மலைப்பாக இருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே பவானியையும் சேர்த்துக்கொண்டு, எங்கள் ஊருக்கு வருவதற்குள் எத்தனை கிளையாகப் பிரிகிறது! தூரத்தில் கோபுரம் தெரிந்தது. அவன் சட்டை நிறம் சின்னதாகிக்கொண்டே போய், ஜனத்துக்குள் கலந்துவிட்டது.

இன்னும் நாலு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனால் என்ன ஆகும்? கடை கடையாக நான் கேட்பேன். அவன் பின்னால் நிற்பான். பழைய கதைதான்.

திரும்பி வந்துவிட்டேன். காய் வாங்க மறந்துபோனேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை.

ஆறே முக்காலுக்கு வந்தார்கள். கோவிலில் பார்த்த தந்தக் கட்டிலைப் பற்றி ஒரே பேச்சு. கோவை ஜில்லா கலெக்டராக இருந்த வில்லியம் காரோ என்ற வெள்ளைக்காரர் 1804ல் வேதநாயகி அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது அது. ஒரு மழை ராத்திரியில், அம்மன் ஒரு சின்னப் பெண்ணாக வந்து அவரை எழுப்பி வெளியே அழைத்ததாகவும், அவர் வந்ததும் மாளிகை இடிந்து விழுந்ததாகவும் சொல்வார்கள். "கலெக்டருக்கே ஒரு குட்டிப் பொண்ணு சொல்ல வேண்டியிருந்துதும்மா" என்றான் என் பையன். எனக்கு அந்தப் பொடி எண்ணெய் ஞாபகம் வந்தது!

"ஏதாவது சாப்பிட்டியாடா?"

"கொய்யாப்பழம்."

அவ்வளவுதான் சொன்னான். மிச்சக் கதை எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

கரண்டி வரை கேட்ட கதை

சேலம், ஈரோடு பக்கம் போகிறவர்கள் 'தட்டுவடை செட்' சாப்பிடாமல் வரமாட்டார்கள். இரண்டு மொறுமொறு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அதன் மேல் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும். மறுநாள் அக்காவும் நானும் கடைத்தெருவுக்குப் போனபோது, அக்கா வழக்கமாக வாங்கும் தள்ளுவண்டிக்கார அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"ஏனுங்க, நேத்து வந்த தம்பி உங்க பையனுங்களா? மொகம் அப்படியே இருக்குதுங்க. 'அக்கா, இதுல வேர்க்கடலை இருக்குதா'ன்னு கேட்டுச்சு. 'அதெல்லாம் மேல தூவறதில்ல தம்பி'ன்னேன். 'கடலைக்காய் சட்னில இருக்குதா'ன்னு மறுக்கா கேட்டுச்சுங்க. அட, சட்னி கெட்டியா இருக்கட்டும்னு நாந்தான் ரெண்டு கை கடலைக்காய் போட்டு அரைக்கறேன்! எனக்கே நெனப்பு வரலைங்க. 'சரி, வெறும் தட்டுவடை தின்னு'ன்னேன். 'என்ன எண்ணெய்ல சுட்டது, அதே கரண்டியா'ன்னு கேட்டுச்சு பாருங்க! 'வேண்டாங்க்கா, எனக்கு மூச்சு நின்னுரும்'னு சாதாரணமாச் சொல்லுச்சு. எனக்குத்தான் திக்குனு ஆயிப்போச்சு. பக்கத்து வண்டில ஒரு கொய்யாக்கா வாங்கிக் குடுத்தேன். காசு வேண்டாம்னா கேக்கலை, குடுத்துட்டுத்தான் போச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. மறந்துதான் போயிருந்தார். முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாவது கேள்விதான் அவனைக் காப்பாற்றியது. அதைக் கேட்க அங்கே நான் இல்லை. இருந்திருந்தால் என் பத்து வருஷப் பழக்கத்தில் 'வேர்க்கடலை' என்ற ஒரு பெயரோடு விட்டிருப்பேனோ என்னவோ!

வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கேட்டேன். "இவ்வளவு நடந்திருக்கு, ஏண்டா சொல்லலை?"

"நீ பயப்படுவே. ஆமா, நேத்து பாலத்துல நின்னியே, காய் வாங்கினியா?" என்று சிரித்தான் போக்கிரி!

நம் வீட்டுக்குச் சில வார்த்தைகள்

இப்படி ஒரு குழந்தை உள்ள வீட்டில் ஒரே நாளில் அவிழ்த்துவிட முடியாது. நாலைந்து வயதில், 'அம்மாவைக் கேக்காம யார் குடுத்தாலும் வாங்க மாட்டேன்' என்று சொல்லப் பழக்குங்கள். ஏழெட்டு வயதில் கடையில் நீங்கள் ஓர் அடி தள்ளி நின்று, அவனைக் கேட்க விடுங்கள். பொட்டலத்தைப் படிக்கக் கற்றுக் கொடுங்கள். நம் நாட்டின் 2020ம் வருஷ விதிகளின்படி, பொட்டல உணவில் வேர்க்கடலை, பால், முட்டை, மீன், கோதுமை, சோயா போன்றவை இருந்தால் அட்டையில் குறிப்பிட வேண்டும். தள்ளுவண்டிக்கு அட்டை கிடையாது. அங்கே கேள்விதான் அட்டை. பத்து வயதுக்கு மேல் மருந்துப் பையை அவனே சுமக்கட்டும். ஒரு டீச்சருக்கும் இரண்டு நண்பர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். மருந்தை வெயிலில் வைக்காமல், தேதி பார்த்து மாற்றுவது உங்கள் வேலை.

சாப்பிட்டதும் தடிப்போடு குரல் கம்முவது, தொண்டை இறுகுவது, விடாத இருமல், மூச்சு இழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல் வந்தால் காத்திருக்கக் கூடாது. தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின்தான் முதல் வைத்தியம். அரிப்பு மாத்திரை தடிப்பைத் தணிக்கும், மூச்சைக் காப்பாற்றாது. குழந்தையை நடக்க விடாமல் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம்.

கைக்குழந்தை உள்ள இளம் தாய்மார்கள் இதைப் படித்துவிட்டு வேர்க்கடலையைக் கண்டு ஓட வேண்டாம். லண்டனில் நடத்தி, 2015ல் வெளியான ஆய்வு ஒன்றில், அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள்ளேயே வேர்க்கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்து கொடுத்ததில், அந்த அலர்ஜி வருவது சுமார் 80 சதவீதம் குறைந்தது. முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். மசித்தோ குழைத்தோதான் கொடுக்க வேண்டும். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள குழந்தையானால் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

ஐந்தாம் நாள் கிளம்பினோம். பவானி ஜமக்காளம் ஒன்றும், அவருக்கு இரண்டு லுங்கியும் வாங்கிக்கொண்டேன். ஈரோடு ரயில் நிலையத்தில் பையன் என் கையைச் சுரண்டினான். "அம்மா, டிசம்பர்ல ஸ்கூல் டூர் இருக்கு. ஏற்காடு."

வாய்வரை 'வேண்டாம்' வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"சமைக்கிறவர் நம்பரை வாங்கிட்டு வா" என்றேன். "நீயே பேசு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."